கறிவேப்பிலை ஏன் உதிர்ந்தது?

அத்தியாயம் 14

மாறன் இரண்டாவது இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தபோது, அன்னபூரணி கரண்டியைச் சட்னிக் கிண்ணத்தில் சத்தமாகப் போட்டாள்.

"எட்டு இட்லி தின்னுற பய ஒண்ணோட எந்திரிக்கிறான். தேவிகா, உங்க கம்பெனியில என்னதான் நடக்குது? நீயும் சொல்ல மாட்டேங்கிற, அவனும் சொல்ல மாட்டேங்கிறான்."

"ஒண்ணும் இல்ல அத்தை. வேலை ஜாஸ்தி."

"வேலை ஜாஸ்தின்னா பசி எடுக்கும். இவனுக்கு வயித்துல வேற என்னமோ உட்கார்ந்திருக்கு. நாளைக்கு மாங்கனித் திருவிழா. வீட்டுல ஒரு முகமாச்சும் சிரிச்சிக்கிட்டு இருக்க வேணாமா?"

தேவிகா குழந்தையை மாமியாரின் இடுப்புக்கு மாற்றினாள். குழந்தை உடனே பாட்டியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. "பாருங்க, ஒரு முகம் சிரிக்குது" என்று சொல்லிவிட்டு, தேவிகா பையை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

நழுவினாள் என்பதுதான் உண்மை. கணவன் கலைவாணன் மின்துறையில் திருவிழா வேலையாக இரண்டு நாளாக வீட்டுப் பக்கமே வரவில்லை. அவனிடமும் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் தம்பிக்காகச் சண்டைக்கு வருவான். சண்டையில் ஜெயிக்கக்கூடிய விஷயமாக இது அவளுக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். காரைக்கால் தருமபுரத்தில் இருக்கும் பசும்பொழில் என்ற சின்ன ஏற்றுமதி நிறுவனத்தில் தேவிகா தரம் பார்ப்பவள். மாறன் அங்கே வேன் ஓட்டுகிறான். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் கறிவேப்பிலையும் கீரையும் முருங்கைக்காயும் அங்கே பெட்டிகளாகி, குளிர் அறையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் வேனில் திருச்சி விமான நிலையம் போகும். விடிவதற்குள் ஷார்ஜாவில் இறங்கிவிடும். அங்கே வாங்கி விற்பவர் ரிஃபாய், முதலாளி சேக் அலாவுதீனின் மைத்துனர்.

மூன்று முறையாகக் கறிவேப்பிலை அங்கே பாழாய்ப்போய் இறங்கியது. ரிஃபாய் வீடியோ அனுப்பியிருந்தார். ஒரு கொத்தை எடுத்து உதறுகிறார். இலை அத்தனையும் பெட்டிக்குள் கொட்டுகிறது. கையில் வெறும் குச்சி. "மச்சான், நான் கறிவேப்பிலை கேட்டேன். நீங்க விளக்குமாறு அனுப்பியிருக்கீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் கொச்சியில வாங்கிக்கிறேன்."

வண்டி எங்கே நின்றது, உள்ளே எவ்வளவு குளிர் இருந்தது என்று குறித்துவைக்கும் பதிவுக் கருவியை மேலாளர் ஜெயபிரகாஷ் பார்த்தார். ஒரு நாள் திருவாரூரில் வண்டி அரை மணி நேரம் நின்றிருந்தது. ஏசியும் அணைந்திருந்தது. மாறன் வேன் ஓட்ட வந்த பிறகுதான் இலை உதிர ஆரம்பித்தது என்பதும் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. ஏன் நிறுத்தினாய் என்று முதலாளியே கேட்டும் மாறன் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்று மாலை வேன் கிளம்புவதற்குள் முடிவு. சாவி மாறன் கையில் இருக்கும், அல்லது வேறு ஆள் கையில்.

தருமபுரம் திரும்பும் முனையில் தேவிகா மாறனின் பைக்கில் பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள். "வண்டியை நிறுத்து."

"நேரமாச்சு அண்ணி."

"ஆகட்டும். இப்ப இங்கயே சொல்லு. திருவாரூர்ல ஏன் நிறுத்தினே?"

மாறன் பைக்கை ஓரம் கட்டினான். கண்ணாடியைத் திருப்பினான், மறுபடி பழைய இடத்துக்கே திருப்பினான். பிறகு தெருவில் போன ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தமிழ்மொழி அங்கதான் படிக்கிறா. அன்னிக்குக் கடைசிப் பரீட்சை முடிஞ்சுது. டீக்கடையில உட்கார்ந்து பேசினோம். வண்டியில கூட ஏத்தலை அண்ணி, சத்தியமா."

"எந்தத் தமிழ்மொழி?"

"எத்தனை தமிழ்மொழி இருக்கா நமக்குத் தெரிஞ்சு?"

தேவிகாவுக்கு ஒரே ஒரு தமிழ்மொழியைத்தான் தெரியும். ஜெயபிரகாஷின் தங்கை.

"அட பாவி" என்றாள் மெதுவாக. அடுத்த கணம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுச்சாலையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாறனும் பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக அவளைப் பார்த்தான்.

"அவ பேர் வெளியில வரக் கூடாது அண்ணி. அவளே அண்ணன்கிட்ட நேரம் பாத்துச் சொல்றேன்னிருக்கா. வேலை போனா போகட்டும்."

"வேலை இல்லாதவனுக்குத் தங்கச்சியக் குடுப்பாரா உங்க சார்?"

மாறன் பைக்கை மறுபடி கிளப்பினான்.

மிச்ச தூரம் முழுவதும் தேவிகா யோசித்தாள். மாறனைக் காப்பாற்றும் ஒரே சாட்சியைக் கூப்பிட முடியாது. அப்படியென்றால் இலையே சாட்சி சொல்ல வேண்டும்.

நிறுவனத்தில் நுழைந்ததும் நேராக ஜெயபிரகாஷின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. அப்பா இறந்த பிறகு சின்ன வயதிலேயே குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தவர். அப்படிச் சுமந்தவர்களுக்கு ஒரு சிக்கலைப் பார்த்தால், யார் பொறுப்பைத் தட்டிக் கழித்தார்கள் என்றுதான் முதலில் தோன்றும். தேவிகாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

"சார், மூணு லோடு கெட்டுப்போச்சு. வண்டி நின்னது ஒரு நாள்தான். மத்த ரெண்டு லோடும் ஏன் கெட்டுது?"

"அந்த ரெண்டு நாளும் ஏசியைக் குறைச்சு வச்சிருப்பான்."

"பதிவுல சரியாத்தானே இருக்கு?"

"கருவியை ஏசி வாய்க்குப் பக்கத்துல வச்சா சரியாத்தான் காட்டும். தேவிகா, நீ அவன் அண்ணி. உனக்கு அப்படித்தான் தோணும்."

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம், அதில் உண்மை இருந்தது. நேற்று இரவெல்லாம் அவள் தேடியது மாறன் செய்யவில்லை என்பதற்கான காரணங்களை மட்டும்தான். அவரோ மாறன் செய்தான் என்பதற்கான காரணங்களை மட்டும் தேடுகிறார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் எதையும் எதோடும் ஒட்டவைத்துவிடலாம்.

"சரி சார். ஒண்ணு கேக்கறேன். வேன்ல ஏறாத கறிவேப்பிலையும் உதிர்ந்திருந்தா நம்புவீங்களா?"

"ஏறாததுக்கு எங்க போவே?"

"போன தடவை விமானத்துல இடம் இல்லைன்னு ஒரு பெட்டியை வேன்ல ஏத்தாமலே வச்சோமே."

அவர் மறந்திருந்தார். அவளும் மறந்துதான் இருந்தாள். சொல்லச் சொல்லத்தான் நினைவு வந்தது.

குளிர் அறைக்குப் பொறுப்பு நூகு அண்ணன். நாலு பேர் உயரத்துக்குக் குரல், அரை ஆள் உயரத்துக்கு உடம்பு. அவர் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து வந்து மேசையில் வைத்தார். தேவிகா திறக்கவில்லை.

"நீங்களே திறங்க சார்."

ஜெயபிரகாஷ் திறந்து ஒரு கொத்தை எடுத்து லேசாக உதறினார். இலைகள் மழை போலக் கொட்டின. அவர் கையில் குச்சி மட்டும் நின்றது.

தேவிகாவுக்குள் ஏதோ துள்ளியது. மாறன் இல்லை. வேனே இல்லை. அந்தச் சந்தோஷம் முழுதாக முகத்துக்கு வருவதற்குள் ஜெயபிரகாஷ் திரும்பினார்.

"நூகு பாய், ராத்திரி குளிரை அணைச்சு வக்கிறீங்களா?"

"யாரு? நானா? இந்த ரூமுக்குள்ள நின்னு நின்னு எனக்கு மூக்கு ஒழுகுது, சட்டைக்கு மேல சட்டை போட்டிருக்கேன், என்னையப் பாத்து அணைச்சு வக்கிறியான்னு கேக்கறீங்களே சார். நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க."

"பின்ன எப்படிக் கொட்டும்?"

"அதை இலைகிட்ட கேளுங்க."

பெட்டி கட்டும் செல்லம் அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தேவிகா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மாறன் தலையிலிருந்து இறங்கிய பழி, தரையில் ஒரு நொடி கூட நிற்காமல் நூகு அண்ணன் தலையில் ஏறிவிட்டது. யார் என்று கேட்டுக்கொண்டே போனால் சாயங்காலத்துக்குள் இந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோர் தலையிலும் அது ஒரு தடவை உட்கார்ந்துவிடும். இலை மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

"நூகு அண்ணே, யாரு செஞ்சாங்கன்னு கேக்கலை. இந்த ரெண்டு வாரத்துல ரூமுக்குள்ள புதுசா எதாச்சும் வந்துதா?"

நூகு அண்ணன் யோசித்தார். "அதே சரக்குதான் வருது, அதே சரக்குதான் போகுது. புதுசா ஒரு சரக்கும் இல்ல."

"சரி. இன்னிக்குப் போக வேண்டிய கறிவேப்பிலைப் பெட்டி எல்லாத்தையும் வெளியில எடுக்கலாம். ரூமுக்குள்ள எந்த வரிசையில இருக்கோ, அதே வரிசையில கூடத்துல அடுக்கணும். மாத்தி வச்சிடக் கூடாது."

"எல்லாத்தையுமா?" என்றாள் செல்லம் அக்கா.

"எல்லாத்தையும்."

"கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி ஆயிடும்டி."

"ஆகட்டும்க்கா."

பெட்டிகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. கதவோரம் இருந்தவை கூடத்தின் இந்தப் பக்கம், பின்சுவர் ஓரம் இருந்தவை அந்தப் பக்கம். தேவிகா ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்தை எடுத்து ஒரே மாதிரி உதறினாள். கதவோரப் பெட்டிகளில் ஓர் இலை கூட அசையவில்லை. நடுவில் போகப் போக அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. பின்சுவர்ப் பெட்டிகளில் தொட்டதுமே கொட்டியது.

"பாத்தீங்களா" என்றார் ஜெயபிரகாஷ். "பின்னால இருக்கறது பழைய சரக்கு."

நியாயமான சந்தேகம் என்று தேவிகா மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். அவளே கேட்டிருக்க வேண்டும். செல்லம் அக்காவிடம் திரும்பினாள். எல்லாமே நேற்றுச் சாயங்காலம் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவை, அவளும் இன்னும் இரண்டு பேரும் கலந்து கட்டியவை என்று அக்கா சொன்னாள்.

"குளிர் எந்தப் பக்கம் ஜாஸ்தி நூகு அண்ணே?"

"பின்சுவர்லதானே மிஷின் இருக்கு. அங்கதான் பல்லு கிட்டும்."

ஜெயபிரகாஷ் நெற்றியைத் தடவினார். குளிர் குறைந்ததால் இலை உதிர்கிறது என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நம்பினார்கள். இங்கே குளிர் அதிகமான இடத்தில் உதிர்கிறது, குறைவான இடத்தில் நிற்கிறது.

அப்போதுதான் தேவிகா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பின்சுவர் வரிசையின் கோடியில் இன்னும் திறக்காத ஒன்று. உள்ளே இருந்த கவரின் முடிச்சை அவிழ்த்து ஒரு கொத்தை எடுத்தாள். உதறினாள். இலை உதிரவில்லை. பலமாக உதறினாள். உதிரவில்லை.

அவளுக்கு வந்த முதல் எண்ணம் அதை மூடிவிடலாம் என்பதுதான். யாரும் பார்க்கவில்லை. பின்சுவரில்தான் ஏதோ இருக்கிறது என்ற அழகான கதை இப்போதுதான் உருவாகி வருகிறது. ஒரே ஒரு பெட்டி அதைக் கெடுக்கிறது. கை மூடியின் மேல் இருந்தது.

கையைப் பார்த்தாள். தன் கைதானா என்று இருந்தது. காலையில் ஜெயபிரகாஷ் வேனுக்குச் செய்ததை இப்போது தான் இந்தப் பெட்டிக்குச் செய்யப்போகிறோம் என்று தோன்றியதும், மூடியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"சார், இது ஒண்ணு பின்னால இருந்தும் உதிரலை. ஏன்னு தெரியலை."

செல்லம் அக்கா எட்டிப் பார்த்தாள். "அது மூடி உடைஞ்ச பெட்டி. உள்ள தண்ணி போயிடும்னு ரெண்டு பிளாஸ்டிக் கவரைப் போட்டு இறுக்கிக் கட்டினேன்."

தேவிகா அந்தக் கவரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அவிழ்க்கும்வரை காற்றுப் போக வழியில்லாமல் கட்டியிருந்தது. குளிர் கவருக்குள்ளும் போயிருக்கும். போகாதது காற்று மட்டும்தான்.

"அப்ப காத்துல என்னமோ இருக்கு" என்றாள் தனக்குத்தானே.

குளிர் அறைக்குள் நடந்தாள். பெட்டிகள் இல்லாமல் அறை புதிதாகத் தெரிந்தது. எப்போதும் கூரைவரை அடுக்கியிருந்த பெட்டிகள் மறைத்த பின்சுவரை இன்றுதான் முழுதாகப் பார்த்தாள். சுவரோரம் ஈரச் சாக்குகள் போர்த்தி ஒரு மேடு. சாக்கைத் தூக்கினாள்.

மாம்பழங்கள். கூடை கூடையாக.

வாசனை முகத்தில் அறைந்தது. இத்தனை நாளும் இந்த வாசனை இங்கே இருந்திருக்கிறது. அவளே மூக்கில் வாங்கியிருக்கிறாள். ஆனி மாதத்துக் காரைக்காலில் மாம்பழம் மணக்காத இடம் எது? கடைத்தெரு மணக்கிறது, பேருந்து மணக்கிறது, கோயில் வாசலில் செருப்பு விடும் இடம்கூட மணக்கிறது. அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

"நூகு அண்ணே. புதுசா ஒண்ணும் வரலைன்னீங்களே."

நூகு அண்ணன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீ சரக்கைத்தானேம்மா கேட்டே? இது சரக்கா? நாளைக்கு சாமி ஊர்வலத்துல இறைக்கிற பழம்."

கல்லூரியில் தாவரவியல் படித்த காலத்தில் ஒரு பாடம் உண்டு. பழுக்கும் பழம் ஒரு வாயுவை விடும், அது பக்கத்துக் காயைப் பழுக்க வைக்கும், இலையைக் காம்பிலிருந்து கழற்றும். பரீட்சைக்கு எழுதியதோடு சரி. இப்போது பாதிதான் நினைவிருந்தது. உறுதி செய்துகொள்ள வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, மாங்காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கணும்னா என்ன செய்வீங்க?"

"அரிசிக்குள்ள புதைச்சு, கூட ஒரு பழுத்த பழத்தையும் போட்டு மூடுவேன். ஆபீஸ் நேரத்துல கேக்கற கேள்வியா இது? அது சரி, நம்ம பழம் நல்லா இருக்குல்ல?"

"எந்தப் பழம்?"

"இறைக்கறதுக்கு வாங்கின பழம்தான். வீட்டுல வச்சா திருவிழாவுக்கு முந்தியே அழுகிடும்னு மாறன்கிட்டக் குடுத்து உங்க குளிர் ரூம்ல ரெண்டு கூடை வைக்கச் சொன்னேனே. அவன் உன்கிட்டச் சொல்லலை? எவனாச்சும் எடுத்துத் தின்னுடப் போறான், கண்ணு வச்சுக்கோ."

தேவிகா போனை அணைத்துவிட்டு ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

பழம் இறைப்பதாக வேண்டிக்கொண்டவள் அவளேதான். அவளுடைய குழந்தைக்காக. வைத்தவன் மாறன்.

நூகு அண்ணனிடம் சொல்லிக் கூடைகளை வெளியே எடுத்துவிட்டால் போதும். நாளையிலிருந்து இலை நிற்கும். ஏன் நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு யார் மருந்துச் சீட்டைத் தேடுகிறார்கள்? ஆனால் மாறன் மீதான சந்தேகம் அப்படியே தங்கிவிடும். நூகு அண்ணன் மீது விழுந்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த ஆனியில் மறுபடி உதிரும்.

எல்லாவற்றையும்விட, காலையிலிருந்து அவளோடு கூடவே வந்த ஒரு கேள்வி இப்போது எதிரில் வந்து நின்றது. நீ தேடியது காரணத்தையா, உனக்குப் பிடித்த பதிலையா?

வேனைக் கழுவிக்கொண்டிருந்த மாறனிடம் போய்ச் சொன்னாள். அவன் வாளியைக் கீழே வைத்தான். பிறகு முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது.

"சொல்லிடுங்க அண்ணி. ஏசியை அணைச்சுட்டு ஏமாத்தினவன்னு வெளியில போறதைவிட, சாமிக்கு மாம்பழம் வச்சவன்னு போறது எவ்வளவோ கௌரவம்."

முதலாளியின் அறையில் சேக் அலாவுதீன் மூன்று பெட்டிகளிலிருந்தும் தன் கையாலேயே கொத்துகளை எடுத்து உதறிப் பார்த்தார். கதவோரம் இருந்தது, பின்சுவரில் இருந்தது, பின்சுவரில் கவர் கட்டியிருந்தது. மேசையெல்லாம் இலை. அவர் தாடியில் ஒன்று ஒட்டியிருந்தது. தேவிகா முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

"ஆக, வண்டி இல்ல. மிஷின் இல்ல. தோட்டம் இல்ல. மாம்பழம்."

"ஆமாங்க முதலாளி."

"வண்டி ஓட்டுற ஆள் மாறின அதே நேரம் மாம்பழமும் வந்திருக்கு. நாம வண்டியை மட்டும் பாத்தோம்" என்றார் ஜெயபிரகாஷ். அதை அவரே சொன்னது தேவிகாவுக்குப் பிடித்திருந்தது. அவர் தொடர்ந்து, "யாரு கொண்டாந்து வச்சது?" என்றார்.

தேவிகா நிமிர்ந்து நின்றாள்.

"ரெண்டு கூடை எங்க வீட்டோடது சார். என் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டது. அத்தை குடுத்து மாறன் வச்சிருக்கான். தப்புதான். என்ன சொன்னாலும் கேட்டுக்கறோம்."

ஜெயபிரகாஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

"மத்த கூடையெல்லாம்?" என்றார் முதலாளி.

"தெரியலைங்க."

"நூகு, எல்லாத்தையும் இங்க கொண்டா."

நூகு அண்ணனும் செல்லம் அக்காவும் கூடைகளைத் தூக்கி வந்தார்கள். முதல் கூடையை வைக்கும்போதே செல்லம் அக்கா உடைந்துவிட்டாள். "இது என்னுதுங்க முதலாளி. மகளுக்கு வரன் அமையணும்னு வேண்டியிருக்கேன். ஒரு கூடைதானே, என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

"அது?"

"என்னோட எதிர்வீட்டுக்காரம்மாவுது" என்றார் நூகு அண்ணன். "அவங்க ஃபிரிட்ஜ்ல இடம் இல்ல. நோன்புக்குக் கஞ்சி குடுத்து அனுப்புறவங்க, முடியாதுன்னா சொல்றது?"

மஞ்சள் துணி கட்டிய ஒரு கூடை மேசைக்கு வந்தது. ஜெயபிரகாஷ் அந்தத் துணியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"அது எங்கம்மா குடுத்தது" என்றார்.

தேவிகா தரையைப் பார்த்துக்கொண்டாள். இந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பது மரியாதை இல்லை.

கடைசியாக வந்தது எல்லாவற்றிலும் பெரியது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் கூடை. அதற்கு உரிமையாளர் யாரும் முன்வரவில்லை. நூகு அண்ணன் மேலே சுழலும் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூகு, ஏன்யா ஃபேனைப் பாக்கறே?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே முதலாளி."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். பீவியம்மா குடுத்தாங்கன்னு."

சேக் அலாவுதீன் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அல்லா. ஊர்வலத் தெருவுல எங்களுக்கு வேண்டிய ஒரு வீடு இருக்கு. வருஷா வருஷம் என் வீட்டுக்காரி சுல்தான் பீவி அவங்களுக்குப் பழம் அனுப்புவா. பக்குவமா வச்சுக் குடுங்கன்னா. நானே மறந்துட்டேன்."

நூகு அண்ணனிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாக யாருக்கும் சொல்லாதே என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் எவரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் ஒரு கூடையால் என்ன ஆகும் என்று நினைத்திருக்கிறார்கள். செல்லம் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயபிரகாஷ் கடைசிவரை தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. பல்வரிசை அழகாக இருந்தது.

முதலாளி அப்போதே ரிஃபாய்க்குப் போன் போட்டார். "மச்சான், காரணம் கிடைச்சிடுச்சு. என்னன்னு கேட்டா நீ நம்ப மாட்டே. இன்னிக்கு அனுப்பறதைத் திறந்து பாத்துட்டு அப்புறம் கொச்சிக்குப் போ." போனை வைத்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து வேன் சாவியை எடுத்தார். "மாறனைக் கூப்பிடுங்க."

கதவோரப் பெட்டிகளும், காலையில் புதிதாகப் பறித்து வந்த கொத்துகளும் வேனில் ஏறின. பின்சுவர்ப் பெட்டிகளின் இலையைச் செல்லம் அக்கா பொடி அரைக்க என்று சொல்லி மூட்டை கட்டினாள். மாம்பழக் கூடைகள் வாசல் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. போகிறவர் வருகிறவர் எல்லோரும் தங்கள் கூடையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாறன் ஏறப் போகும்போது ஜெயபிரகாஷ் அருகில் வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"காத்து சரியா இருக்குல்ல?"

"இருக்குங்க சார்."

"மனசுல வச்சுக்காத தம்பி."

"ஐயோ, இல்லைங்க சார்."

"காலையில திரும்பிடுவேல்ல? எங்க வீடு ஊர்வலம் வர்ற தெருவுலதான். குடும்பத்தோட மாடிக்கு வந்துடுங்க, அங்கேருந்து பழம் இறைக்கலாம். அம்மா சந்தோஷப்படுவாங்க. தங்கச்சியும் பரீட்சை முடிஞ்சு வந்திருக்கா."

மாறன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவன் நிமிர அதிக நேரம் எடுத்துக்கொண்டான். "வர்றோம் சார்" என்று வேனின் கதவிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது தேவையே இல்லாமல் ஒரு தடவை ஹாரன் அடித்தது.

தேவிகா அதைப் பார்த்தபடி நின்றாள். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஷார்ஜாவில் பெட்டி திறக்கும்வரை எதுவும் முடிந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் முடிவு எப்படி வந்தாலும், உதிராத அந்தப் பெட்டியை இன்று அவள் கை மூடி மறைக்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம். அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

"தேவிகா."

ஜெயபிரகாஷ் இன்னும் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் புரிஞ்சுது. அந்தத் திருவாரூர் அரை மணி நேரம் மட்டும் இன்னும் புரியலை. திட்டுறதுக்காகக் கேக்கலை. வேலையே போனாலும் பரவாயில்லைன்னு ஒருத்தன் வாயை மூடிக்கிட்டு நின்னான்னா, அப்படி என்ன காரணம் இருக்கும்?"

இல்லை என்று சொல்லலாம். தெரியாது என்று சொல்லலாம். டீ குடிக்க நிறுத்தினான் என்று சொன்னால் பொய்கூட ஆகாது.

"காரணம் இருக்கு சார்" என்றாள் தேவிகா. "எனக்குத் தெரியும். ஆனா சொல்ல வேண்டியவ நான் இல்ல."

"பின்ன யாரு?"

"நாளைக்கு உங்க மாடியில எல்லாரும் இருப்போம். அங்க கேட்டுப் பாருங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். முகத்தை அவருக்குக் காட்டாமல் இருப்பதே பெரும் பாடாக இருந்தது. தெருமுனை வரும்வரை பின்னால் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் அங்கேயே நின்று, தன் மாடியில் நாளை இருக்கப்போகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.